தீக்காவலர் ஷா

தீ மனிதனுக்கு உற்ற துணை. அடங்காதபோது அதுவே கொடிய பகை. அடுப்பில் இருக்கும்வரை அது உணவை ஆக்கித் தருகின்றது. விளக்கில் இருக்கும்வரை இருளைப் போக்குகின்றது. எல்லையைக் கடந்துவிட்டாலோ, பல்லாண்டு பாடுபட்டுத் தேடிய பொருளையும் அருமை உயிர்களையும் நொடிப்பொழுதில் சாம்பலாக்கி விடுகின்றது. சிறு பொறியாகத் தோன்றும் தீயை அப்பொழுதே கண்டவர் ஒரு குடம் நீரால் அணைத்துவிடலாம். காலந்தாழ்த்துக் கண்டவருக்கு ஓர் ஆற்று நீரும் போதாது. ஆதலின், தீயை எதிர்ப்போர்க்கு நீரினும் அரியது காலமே எனலாம். தீப்பற்றிய செய்தி அணைப்போரை எத்துணை விரைவில் எட்டுகின்றதோ அத்துணை உயிர்கள் பிழைக்கும். இவ்வுண்மையை நன்குணர்ந்து, முப்பது ஆண்டுகள் இலண்டன் மாநகரைத் தீயினின்று காத்து, மக்கள் கூடிக் களிக்கும் அரங்குகளின் பாதுகாப்புக்காக அயராது வாதாடிய பெருந்தகை ஒருவர் உண்டு. அவரே காப்டன் ஐர் மாசி ஷா என்பவர்.

இளமை

ஷா, அயர்லாந்து நாட்டின் தென்பகுதியிலுள்ள கார்க் மாவட்டத்தில் 1830ஆம் ஆண்டளவில் பிறந்தார். டப்ளின் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அவர் சமயப் பணியை மேற்கொள்ளுதல் வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். ஆயினும் அவருடைய உள்ளம் வேறு வழியில் சென்றது. அவர் கடல் கடந்து அமெரிக்கா சென்று சில காலம் தங்கித் திரும்பினார். பின்னர்ப் படையில் சேர்ந்து காப்டன் என்னும் பதவியை அடைந்தார். படையை விட்டு நீங்கிய பின்னரும் அப்பதவிப் பெயரே அவரோடு நிலைத்துவிட்டது.

1860ஆம் ஆண்டளவில் பெல்பாஸ்ட் நகரத்தில் காவற்படைக்கும் தீயணைப்புப் படைக்கும் அவர் தலைவரானார். அந்நாளில் அந்நகரில் சமயப் பிரிவினரிடையே அடிக்கடி கலகங்கள் மூண்டன. ஒருபாற் கோடாது நின்று ஒழுங்கை நிலைநாட்ட வேண்டிய கடமை அவருக்கு வாய்த்தது. ஆணையிடுதல், ஆட்களைப் பழக்குதல், நெருக்கடியில் நெஞ்சு கலங்காதிருத்தல் ஆகிய பண்புகள் அங்கே அவரிடம் முதிர்ந்தன. மற்றொரு பெரும் பொறுப்புக்கு இப்பயிற்சியே அவரைத் தகுதியாக்கிற்று.

இலண்டனின் இழப்பு

அக்காலத்தில் இலண்டன் மாநகரம் உலகின் மிகப் பெரிய நகரமாக விளங்கிற்று. எனினும் அந்நகரில் தீயை அணைக்கும் பணி அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கவில்லை. கட்டடங்களுக்கும் சரக்குகளுக்கும் காப்புறுதி அளித்த வணிக நிறுவனங்கள் 1833ஆம் ஆண்டில் ஒன்றுகூடி அமைத்த ஒரு படையே அப்பணியைச் செய்து வந்தது. அதன் தலைவர் ஜேம்ஸ் பிரெய்டுவுட் என்பவர். எடின்பரோ நகரில் தீயணைப்புக் கலையை முறைப்படுத்திப் புகழ்பெற்ற அவர், தம் வீரர்களைத் தந்தைபோல் பேணி வந்தார்.

1861ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் நாள், தேம்சு ஆற்றங்கரையில் தூலித் தெருவிலிருந்த பண்டகசாலையொன்றில் தீ மூண்டது. சணல், பருத்தி, கொழுப்பு, சர்க்கரை முதலிய சரக்குகள் நிறைந்த கிடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றி எரிந்தன. களைத்து நின்ற வீரர்களைத் தேற்றி ஊக்கிக்கொண்டிருந்த பிரெய்டுவுட்டின்மீது ஒரு பெருஞ்சுவர் இடிந்து வீழ்ந்தது. அவர் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அத்தீ முற்றும் அவியப் பல நாட்கள் ஆயின. மாநகரமே அவருக்காகத் துயருற்றது.

அவ்வீரர் அமர்ந்திருந்த இருக்கைக்கு முப்பது வயதைச் சற்றே கடந்த ஷா அழைக்கப்பட்டார். உலகப் புகழ்பெற்ற ஒருவர் இருந்த இடத்தில் புதியவர் ஒருவர் அமர்வது எளிதன்று. தலைவரை இழந்த வீரர்களின் நம்பிக்கையைப் பெறுதல் வேண்டும். நாள்தோறும் பெருகிவரும் நகரத்தைச் சிறிய படையைக்கொண்டு காத்தலும் வேண்டும். இவ்விரண்டையும் ஷா தயங்காமல் ஏற்றுக்கொண்டார்.

படையைச் சீரமைத்தல்

தூலித் தெருத் தீயினால் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பொருள் இழந்தன. நகரைக் காக்கும் பொறுப்பை இனித் தம்மால் தாங்க இயலாது என்று அவை அரசாங்கத்துக்கு அறிவித்தன. அதன் பயனாக 1865ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. அச்சட்டப்படி 1866ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று மாநகரத் தீயணைப்புப் படை தோன்றிற்று. ஷா அதன் முதல் தலைவரானார். செல்வருடைய சொத்துக்காக அமைந்திருந்த படை, அன்றுமுதல் குடிசையில் வாழ்வார்க்கும் உரிய பொதுப் படையாயிற்று.

ஆயினும், அப்படைக்கு வகுக்கப்பட்ட வருவாய் மிகக் குறுகியதாக இருந்தது. நகரத்தாரிடம் பவுனுக்கு அரைப் பென்னி வீதம் வரி பெறலாம். காப்புறுதி நிறுவனங்கள் தாம் பொறுப்பேற்ற ஒவ்வொரு பத்து இலட்சம் பவுனுக்கும் 35 பவுன் தரும். அரசாங்கம் ஆண்டொன்றுக்கு 10,000 பவுன் வழங்கும். இவ்வளவே அப்படையின் செல்வம். நகரம் வளர்ந்த விரைவுக்கு வருவாய் வளரவில்லை. நிலையங்கள் போதா, வீரர்கள் போதார் என்று ஷா ஓயாமல் எடுத்துக்காட்டி வந்தார்.

பொருள் குறைந்த இடத்தில் அறிவும் ஒழுங்கும் துணைசெய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார். வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் மாலுமிகளுக்கு முதலிடம் தந்தார். பாய்மரத்தின் உச்சியில் ஏறிப் பழகியவர்கள் உயரத்தைக் கண்டு அஞ்சார். இரவும் பகலும் முறைவைத்து விழித்திருக்கவும், ஆணைக்கு உடனே அடங்கவும் அவர்கள் பழகியவர்கள். மனிதர் கைகளால் இயக்கிய பழைய எந்திரங்கள் படிப்படியாக விலகின. குதிரைகள் இழுத்துச் செல்லும் நீராவி எந்திரங்கள் பெருகின. தீயில் சிக்கியவர்களை மீட்கும் உருளை ஏணிகளை ஓர் அறச்சங்கம் தெருக்களில் நிறுத்திக் காத்து வந்தது. 1867ஆம் ஆண்டில் அவ்வேணிகளும் படையின் பொறுப்பில் வந்தன. பொருளைக் காத்தலோடு உயிரைக் காத்தலும் படையின் கடமை என்பது இதனால் உறுதிப்பட்டது.

பிறநாட்டு முறைகளைக் கண்டறிவதிலும் ஷா ஆர்வம் மிக்கவர். பாரிசு நகரத் தீயணைப்பு வீரர்கள் அணிந்த தலைக்கவசத்தைக் கண்டு, அதைப்போன்ற பித்தளைக் கவசத்தைத் தம் வீரர்களுக்கும் அளித்தார். பளபளக்கும் அக்கவசம், வீழும் செங்கல்லினின்றும் எரியும் துண்டினின்றும் தலையைக் காத்தது; கூட்டத்தின் நடுவே வீரரை அடையாளங் காட்டவும் செய்தது. மின்கம்பிகள் எங்கும் பரவியபின், மின்சாரத்தைக் கடத்தும் பித்தளை வீரர்க்கு ஊறு விளைக்கும் என்று அது கைவிடப்பட்டது. அதுவரையில் அக்கவசமே இலண்டன் தீயணைப்பு வீரரின் சின்னமாக விளங்கிற்று.

செய்தி விரையும் வழி

படை எத்துணை வலியதாயினும், தீப்பற்றியது தெரியாதவரையில் அது நிலையத்துள்ளே உறங்கும் படையே ஆகும். அந்நாளில் தீயைக் கண்டவர் தெருவெல்லாம் கூவிக்கொண்டு ஓடி, நிலையத்தைத் தேடிக் கதவைத் தட்டுதல் வேண்டும். வழி தெரியாதவர்கள் திகைத்து நிற்பர். ஓடுவோர் களைப்பர். நிலையத்தார் கூரைமேல் நின்று வானத்தின் செம்மையைக் கொண்டே தீயிருக்கும் திசையை மதிப்பிட்டுப் புறப்படுவதும் உண்டு. ஷாவின் காலத்துக்கு முன், வடதிசை வானில் தோன்றிய இயற்கையொளியைப் பெருந்தீயெனக் கருதி எந்திரங்கள் அதனைத் தேடிப் புறப்பட்ட கதையும் உண்டு. கண்ணை மட்டும் நம்பும் காவல் எவ்வளவு குறையுடையது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

இக்குறையைப் போக்கும் வழியை மின்சாரம் காட்டிற்று. அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் 1852ஆம் ஆண்டிலேயே மின்தந்தி வாயிலாகத் தீயை அறிவிக்கும் முறை ஏற்பட்டிருந்தது. சானிங் என்னும் மருத்துவரும் பார்மர் என்னும் பொறியறிஞரும் அதனை அமைத்தனர். இலண்டனிலும் ஷா முதலில் தீயணைப்பு நிலையங்களை ஒன்றோடொன்று தந்தியால் இணைத்தார். ஒரு நிலையத்தின் வலிமை போதாதபோது, அண்டை நிலையங்களுக்குச் சிறிது நேரத்தில் செய்தி செல்லலாயிற்று. தலைமை நிலையத்தில் அமர்ந்தவாறே மாநகர் முழுவதையும் நோக்கிப் படையை ஏவுதல் அவருக்கு இயல்வதாயிற்று. 1878ஆம் ஆண்டில் அத்தலைமை நிலையம் சதர்க் பகுதிக்கு மாற்றப்பட்டது.

1880ஆம் ஆண்டில் தெருக்களில் அபாய அறிவிப்புத் தூண்கள் நாட்டப்பட்டன. அவற்றின் அமைப்பு எளியது. தூணின் முகப்பில் ஒரு சிறு கண்ணாடி; அதன் பின்னே ஒரு கைப்பிடி. தீயைக் கண்டவர் கண்ணாடியை உடைத்துக் கைப்பிடியை இழுத்தால், கம்பி வழியாக மின்னோட்டம் பாய்ந்து, நிலையத்திலுள்ள மணியை ஒலிக்கச் செய்யும். எந்தத் தூணிலிருந்து அழைப்பு வந்தது என்பதை அங்குள்ள கருவி காட்டும். அழைத்தவர் தூணருகே நின்று, விரைந்து வரும் வீரர்களுக்குத் தீயிருக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டுதல் வேண்டும்.

அம்முறைக்கும் இடையூறுகள் நேர்ந்தன. விளையாட்டாகவும் வஞ்சமாகவும் கைப்பிடியை இழுத்து ஓடுவோர் பலர் இருந்தனர். பொய்யழைப்பை நம்பிக் குதிரைகள் ஒரு தெருவுக்கு ஓடும்பொழுது, மெய்யாகவே தீப்பற்றிய மற்றொரு தெரு காவலின்றி நிற்கும் அன்றோ? குற்றவாளிகள் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிக்கப்பட்டனர். பொய்யர் சிலருக்காக மெய்யர் பலரின் துணையைப் பறித்தல் தகாது என்று கருதித் தூண்களை மேலும் மேலும் பெருக்கினர். ஷா பணியினின்று நீங்குவதற்குள் நூற்றுக்கணக்கான தூண்கள் மாநகர் எங்கும் நின்றன.

அரங்குகளின் ஆபத்து

வீடுகளில் பற்றும் தீயைவிடக் கொடியது மக்கள் திரளும் களியாட்டு மன்றங்களில் பற்றும் தீ. அந்நாளைய நாடக அரங்குகளில் அதற்கு வேண்டிய எல்லாம் ஒருங்கே அமைந்திருந்தன. மேடையின்மேல் நெய்ச்சாயம் தீட்டிய திரைச்சீலைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். அவற்றைத் தாங்க உலர்ந்த மரச்சட்டங்களும் சணற்கயிறுகளும் இருக்கும். அவற்றுக்கு அருகிலேயே எரிவாயு விளக்குகள் வரிசையாகத் திறந்த சுடரோடு எரியும். ஒரு சீலையின் ஓரம் சுடரைத் தீண்டினால் போதும். மேடை முழுவதும் பெரும் புகைபோக்கியாக மாறிவிடும்.

ஷா இவ்வாபத்தை ஆராய்ந்து 1876ஆம் ஆண்டில் நாடக அரங்குகளில் நிகழும் தீயைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மேடையையும் மக்கள் அமரும் மன்றத்தையும் கூரையையும் கடந்து உயரும் கனத்த சுவரொன்றால் பிரித்தல் வேண்டும் என்றும், அச்சுவரின் வாயிலைத் தேவையானபோது எரியாத உலோகத் திரையால் அடைத்தல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். மன்றத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் நேராக வெளியே செல்லும் வழிகள் அமைய வேண்டும் என்பதும் அவர் கொள்கை. சுவரும் திரையும் தீயைத் தடுத்து நிறுத்தும் அச்சிறுபொழுதில் மக்கள் வெளியேறிவிடலாம். ஆகவே இதுவும் காலத்தை வெல்லும் முயற்சியே ஆகும்.

1878ஆம் ஆண்டுச் சட்டம், குறையுடைய அரங்குகளைத் திருத்துமாறு பணிக்கும் அதிகாரத்தை மாநகர வாரியத்துக்கு வழங்கிற்று. ஷா அரங்குதோறும் சென்று, மேல்மாடம் முதல் நிலவறை வரை நுணுகி நோக்கிக் குறைகளை எழுதினார். அரங்க உரிமையாளர்கள் பலர் செலவை எண்ணித் தயங்கினர். புதிய வாயில் ஒன்று திறந்தால் இருக்கைகள் சில குறையும். இருக்கைகள் குறைந்தால் வருவாயும் குறையும். வாராத தீக்காக வரும் பொருளை இழப்பதா என்பது அவர்களுடைய எண்ணம். தீ வருமுன் அதன் கொடுமையை உணர்வார் சிலரே.

1881ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் வியன்னா நகரில் ரிங் அரங்கு எரிந்தது. எரிவாயு விளக்குகள் அவிந்து மன்றம் இருளில் மூழ்கிற்று. அவசர காலத்துக்கென வைத்த எண்ணெய் விளக்குகள் எரியவில்லை. கதவுகள் உட்புறமாகத் திறப்பவை. நெருக்கிய கூட்டமே அவற்றைத் திறக்கவொட்டாமல் அடைத்தது. உள்ளே நூற்றுக்கணக்கானோர் மடிந்துகொண்டிருக்கையில், எல்லாரும் மீட்கப்பட்டனர் என்று வெளியே காவலர் அறிவித்தது கொடுமையினும் கொடுமையாகும். அரசாங்கக் கணக்கின்படி இறந்தவர் 384 பேர்.

புகழும் கவலையும்

இதற்குள் ஷாவின் பெயர் இலண்டனில் அறியாதார் இல்லை என்னும்படி பரவியிருந்தது. இளவரசர் எட்வர்டு அவருடைய நண்பர். தீயணைக்கும் இடங்களுக்கு அவ்விளவரசரும் ஆர்வத்தோடு செல்வதுண்டு. 1882ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், கில்பர்ட், சல்லிவன் ஆகிய இருவரும் இயற்றிய அயோலாந்தி என்னும் இசைநாடகம் சவாய் அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. அதில் வரும் தேவதைகளின் அரசி, தன் காதலைத் தீயாக உருவகித்துக் காப்டன் ஷாவை விளித்துப் பாடுகின்றாள். அப்பொழுது அவரே அவையில் அமர்ந்திருந்தார். அவையோர் மகிழ்ந்து ஆரவாரித்தனர். எரிவாயுவை விலக்கி மின்விளக்குகளால் ஒளிபெற்ற முதல் பொதுக் கட்டடம் அந்தச் சவாய் அரங்கே என்பது அறியத்தக்கது.

அப்பாராட்டொலி அடங்கிப் பன்னிரண்டு நாட்களே கழிந்தன. டிசம்பர் 7ஆம் நாள் நள்ளிரவு கழிந்தபின், இலண்டனின் பெரிய களியாட்டு அரங்குகளுள் ஒன்றான அல்காம்பிரா தீப்பற்றி எரிந்தது. ஆட்டம் முடிந்து மக்கள் வீடு திரும்பியிருந்தமையால் பெருங்கேடு நீங்கிற்று. ஆனால் தீயணைப்பு வீரரின் உயிரையும் அத்தீ பலிகொண்டது. சில மணி முன்னதாக அது மூண்டிருப்பின் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோர் நடுங்கினர். ஷாவைப் பாட்டில் புகழ்ந்த நகரம் அவருடைய அறிவுரையை முற்றும் கேட்கவில்லை என்பதை அந்நெருப்பு காட்டிற்று.

எக்சிட்டர் துயரம்

1887ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்சிட்டர் நகரில் அதனினும் கொடிய நிகழ்ச்சி நேர்ந்தது. அந்நகரின் ராயல் அரங்கு கட்டி முடிந்து ஓராண்டும் நிறையவில்லை. நாடகம் நடக்கும்பொழுது மேடைக்கு மேலே தொங்கிய சீலையொன்றில் எரிவாயு விளக்கிலிருந்து தீப்பற்றிற்று. கீழ்த்தளத்தில் இருந்தோரில் பெரும்பாலோர் தப்பினர். மேல்மாடத்தில் இருந்தவர்களின் நிலை வேறு. புகையும் வெப்பமும் மேல்நோக்கி எழுவன. ஆதலின் அவை முதலில் சூழ்வது மேல்மாடத்தையே. அங்கிருந்து இறங்கும் வழியோ குறுகலானது, திருப்பங்கள் உடையது. அப்படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவராக வீழ்ந்து மக்கள் மூச்சடைத்து மாண்டனர். இறந்தோர் தொகை 186 என்பர்.

மேல்மாடம் மிகக் குறைந்த கட்டணம் உடைய இடம். நாளெல்லாம் உழைத்து, சில காசு கொடுத்துச் சிறிது நேரம் களிக்க வந்த எளிய மக்களே அங்கு அமர்ந்திருந்தனர். விலையுயர்ந்த இருக்கைக்கு அகன்ற வாயிலும், விலை குறைந்த இருக்கைக்குக் குறுகிய வாயிலும் அமைத்த வேறுபாடே அவர்களுக்கு எமனாயிற்று. கட்டணத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். உயிரின் மதிப்பில் ஏற்றத்தாழ்வு உண்டோ?

அந்நிகழ்ச்சியை ஆராயும் பொறுப்பை அரசாங்கம் ஷாவிடம் ஒப்படைத்தது. அவர் எரிந்த அரங்கை நேரில் கண்டு, அமைப்பிலுள்ள குறைகளையும், அவற்றைப் பாராமல் உரிமம் அளித்தோரின் பிழையையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். நாடே விழித்துக்கொண்டது. பொதுமக்கள் கூடும் இடங்களில் உள்வரவும் வெளிச்செல்லவும் போதிய வழிகள் இருத்தல் வேண்டும் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்தது. பதினான்கு ஆண்டுகளுக்குமுன் அவர் நூலில் எழுதிய கருத்து, 186 உயிர்களை இழந்த பின்னர் நாட்டின் செவியில் ஏறிற்று.

ஓய்வும் முடிவும்

1889ஆம் ஆண்டில் இலண்டன் மாவட்ட மன்றம் தோன்றித் தீயணைப்புப் படையை ஏற்றுக்கொண்டது. படையை நடத்தும் முறைபற்றி அம்மன்றத்தாருக்கும் ஷாவுக்கும் கருத்து வேற்றுமை எழுந்தது. முப்பது ஆண்டுப் பணிக்குப்பின் 1891ஆம் ஆண்டில் அவர் விலகினார். அவர் வந்தபோது படையில் ஏறத்தாழ 130 பேரே இருந்தனர். அவர் சென்றபோது அத்தொகை பல மடங்காகப் பெருகியிருந்தது. விக்டோரியா அரசியார் அவருக்குச் சர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தார்.

ஓய்வு பெற்ற பின்னர் அவர் ஒரு துயரச் செய்தியைக் கேட்க நேர்ந்தது. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகரில் இரோக்குவாய் என்னும் புதிய அரங்கு எரிந்தது. பள்ளி விடுமுறை நாளாதலின் தாய்மாரும் சிறுவரும் அவையை நிறைத்திருந்தனர். தீத்தடுப்புத் திரை இறங்கும்போது இடையிலே சிக்கி நின்றுவிட்டது. வெளிவாயில்கள் பல பூட்டியிருந்தன. சில திரைச்சீலைகளால் மறைந்திருந்தன. அத்துணைப் பெரிய அரங்கில் தீயை அறிவிக்கும் கருவி இல்லை, தொலைபேசியும் இல்லை. ஆகவே, பணியாள் ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. ஷா இளமையில் இலண்டன் தெருக்களில் கண்ட அதே காட்சி, மின்சாரம் பெருகிய காலத்தில் சிகாகோவில் மீண்டும் நிகழ்ந்தது. அவ்வோட்டத்துக்கு ஆன நேரத்தில் தீ தன் வேலையை முடித்துவிட்டது. மாண்டவர் 602 பேர்.

1908ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் போக்ஸ்டன் என்னும் கடற்கரையூரில் ஷா இயற்கை எய்தினார். அவர் உடல் இலண்டனிலுள்ள ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. 1935ஆம் ஆண்டில் இலண்டன் தீயணைப்புப் படைக்காகக் கட்டப்பட்ட படகொன்றுக்கு மாசி ஷா என்று பெயரிட்டனர். 1940ஆம் ஆண்டு, பகைவரால் சூழப்பட்ட படைவீரர்களை டன்கர்க் கடற்கரையினின்று மீட்கச் சென்ற சிறு கலங்களுள் அப்படகும் ஒன்று. ஆற்றுத் தீயை அணைக்கப் பிறந்த படகு கடல் கடந்து சென்று நூற்றுக்கணக்கானோரை மீட்டது. உயிர்காத்தவரின் பெயர் தாங்கிய கலம் உயிர்காத்தல் பொருத்தமே அன்றோ?

அவர் விட்டுச் சென்ற செல்வம்

தொலைபேசி பரவியபின் தெருத்தூண்கள் தேவையற்று மறைந்தன. ஆயினும் அவற்றின் கருத்து மறையவில்லை. இன்று திரையரங்கு, விளையாட்டு மன்றம், திருமண மண்டபம் முதலிய பெரிய கட்டடங்களின் சுவரில் சிவப்பு நிறப் பெட்டி ஒன்றைக் காணலாம். கண்ணாடியை உடைத்து அழுத்தினால் கட்டடமெங்கும் அபாயமணி ஒலிக்கும். அஃது அப்பழைய தூணின் வழித்தோன்றலே ஆகும். கூரையில் பொருத்திய சிறு கருவிகள் புகையையோ வெப்பத்தையோ உணர்ந்து, மனிதர் காணுமுன்னரே மணியை ஒலிக்கச் செய்கின்றன. இருளிலும் ஒளிரும் வெளிவழிக் குறிகளும், வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகளும், மேடைக்குமுன் இறங்கும் தீத்தடுப்புத் திரையும் பல துயரங்கள் கற்பித்த பாடங்கள்.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் காப்பவர் விழிப்பின்றேல் பயனில்லை. மணியின் கம்பி அறுந்திருத்தல் கூடாது. வாயிலில் பூட்டுத் தொங்குதல் கூடாது. வழியில் நாற்காலிகளை அடுக்கி வைத்தல் கூடாது. விளையாட்டாக மணியை ஒலிக்கச் செய்பவர், மெய்யான அழைப்பின்மீது பிறர் கொண்ட நம்பிக்கையைக் கெடுக்கின்றார். பொது மன்றத்தில் நுழைவோர் வெளியேறும் வழி எங்குள்ளது என்பதை முதலில் நோக்குதல் நற்பழக்கமாகும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதலே அறிவுடைமை என்பர். ஷா தம் வாழ்நாளில் எண்ணற்ற தீயை அணைத்தார். அதனால் பெற்ற புகழை நாடு பாட்டாகப் பாடிற்று. மூளாமல் தடுத்த தீக்களையும், இறவாமல் காத்த உயிர்களையும் எண்ணுவார் இல்லை. அரங்கில் களித்துவிட்டு இரவில் நலமாக வீடு திரும்பும் மக்கள் தம்மைக் காத்தவர் யார் என்பதை அறியார். அறியாவிடினும், அவர்கள் திரும்பும் அந்நடையே அவருக்குரிய நினைவுச்சின்னமாகும்.